பட்டப்பகலில் ஒரு மெழுகுவத்தி

கடலை முதன்முதலாகப் பார்த்த அன்று என் மாமா சொன்னது, "இத்த எறைக்க எந்த பம்பும் பத்தாது மச்சான்" என்பதுதான். மற்றவர்கள் கடலைப் பார்த்தால் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள், இல்லாவிட்டால் வாயைப் பிளப்பார்கள். மாமா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, சுரங்கத்துக்குள் தண்ணீர் புகுந்த லெவலைப் பார்க்கும் மேஸ்திரி மாதிரி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, இது நம்மால் ஆகாத வேலை என்று முடிவு செய்தார். அப்புறம் தலையைத் தூக்கி வானத்தைப் பார்த்தார். அதுவும் பக்தியால் இல்லை. பன்னிரண்டு வருடம் தங்கச் சுரங்கத்துக்குள் வேலை செய்தவர். எங்கே போய் நின்றாலும் மேலே கல் கழன்றிருக்கிறதா என்று பார்க்காமல் அவரால் நிற்க முடியாது. "வானம் கெட்டியாத்தான் கீது மாமா, தட்டிப் பாக்க வேணாம்" என்றேன். அக்கா என் தலையில் ஒரு குட்டு வைத்தாள்.

மாமா என்றால் என் அக்காளின் புருஷன். என்னைவிடப் பத்து வயதுதான் மூத்தவர். இரண்டு பேரும் ஒரே கேங்கில் வேலை. அவர் பாறைக்கு வெடி வைப்பவர், நான் அவர் உடைத்துப் போட்ட கல்லை வண்டியில் தள்ளுபவன். மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்று வகுப்பு படித்தேன். நாலாவது வகுப்பில் வாத்தியார் நடப்பது மாதிரி நடந்து காட்டினேன், அவர் பின்னால் நின்றுகொண்டிருந்தார், படிப்பு அத்தோடு முடிந்தது. எழுத்துக் கூட்டிப் படிப்பேன். அந்தப் படிப்புக்காகத்தான் புருஷனும் பெண்டாட்டியும் போன பயணத்தில் மூன்றாவது ஆளாக என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். ஸ்டேஷன் பெயர் படிக்க ஆள் வேண்டுமே.

போன காரியம் அக்காளின் வேண்டுதல். அதைச் சொல்லவேண்டுமானால் எங்கள் வேலையைக் கொஞ்சம் சொல்லவேண்டும். பாறையில் துளை போட்டு, மருந்து திணித்து, திரி வைத்து, வரிசையாகப் பற்றவைத்துவிட்டு எல்லோரும் ஓடி ஒதுங்கிவிடுவோம். ஒதுங்கினவர்கள் சும்மா நிற்கக்கூடாது, எண்ணவேண்டும். எட்டு திரி பற்றவைத்தால் எட்டு சத்தம் கேட்கவேண்டும். ஏழுதான் கேட்டது என்றால் ஒன்று உள்ளே உயிரோடு படுத்திருக்கிறது என்று அர்த்தம். அப்போது கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு மெழுகுவத்தியைக் கொளுத்தி வைப்போம். அது எரிந்து தீரும்வரை ஒருவரும் ஓரடி முன்னே வைக்கக்கூடாது. தீர்ந்த பிறகும் எல்லோரும் போகக்கூடாது. ஒரே ஒரு ஆள் போய்த் துளையில் தண்ணீரை ஊற்றிப் பார்த்துவிட்டு வந்து சொல்லவேண்டும்.

ஒரு நாள் மாமா எட்டு திரி பற்றவைத்தார், எட்டு சத்தம் எண்ணினார், கூட்டாளியை அழைத்துக்கொண்டு உள்ளே போனார். எட்டில் ஒன்று பக்கத்து லெவலில், அதாவது பக்கத்துச் சுரங்கப் பாதையில், வெடித்த சத்தம். எங்கள் பாறையில் இருந்த எட்டாவது, அவர்கள் இருவரும் கிட்டே போன பிறகு வெடித்தது. கூட்டாளியின் உயிர் அங்கேயே போய்விட்டது. மாமாவை கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் போட்டு மேலே கொண்டுவந்தபோது இடது காதிலிருந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. ஷாப்ட் என்கிற சுரங்கக் கிணற்றின் வாசலில் நின்ற அக்கா அழவில்லை. மாசி மகத்தன்று சாமி கடலில் முழுகுகிற அதே நேரத்தில் இந்த ஆளின் கையைப் பிடித்து மூன்று முழுக்கு போடவைக்கிறேன், உயிரை மட்டும் காப்பாற்றிக் கொடு என்று வேண்டிக்கொண்டாள். முதல் வருடம் மாமா எழுந்து நடக்கவே முடியவில்லை. அடுத்த வருடம் லீவு கிடைக்கவில்லை. மூன்றாவது வருடம் மகம் ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. அக்கா கட்டுச்சோறு கட்டினாள், தீர்த்தம் கொண்டுவர ஒரு செம்பைத் தேய்த்து வைத்துக்கொண்டாள். இந்தத் தடவை கடலே வற்றிப்போனாலும் போவது போவதுதான் என்றாள்.

சனிக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனில் ஏறி, பௌரிங்பேட்டையில் பட்டணத்து ரயிலுக்கு மாறினோம். வழியெல்லாம் நான் செய்த சேட்டையை இப்போது எழுதவே கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. ஆனால் அதை எழுதாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது. விடிகிற நேரத்தில் அரக்கோணத்தில் வண்டி நின்றபோது, "பட்டணம் வந்துட்டுது, எறங்குங்க" என்றேன். மாமா மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்கி, பிளாட்பாரத்துத் தூணை விரல் முட்டியால் தட்டிப் பார்த்து, அது கெட்டி என்று திருப்திப்பட்டுக்கொண்டு நின்றார். வண்டி ஊதியதும்தான் விஷயத்தைச் சொன்னேன். அவர் ஓடிவந்து ஏறியதைப் பார்த்து அந்தப் பெட்டியே சிரித்தது. மாமாவும் சிரித்தார். "இனிமே நீ சூரியன் கெழக்கால வருதுன்னாலும் நான் எட்டிப் பாத்துட்டுத்தான் நம்புவேன்" என்றார்.

பட்டணத்தில் இறங்கி, மாட்டுவண்டி பிடித்து அந்தக் கடற்கரை ஊருக்குப் போய்ச் சேர்ந்தோம். மணலில் பெரிய பந்தல் போட்டு, சுற்றுப்பட்டுக் கோயில்களிலிருந்து வந்த சாமிகளை வரிசையாக இறக்கி வைத்திருந்தார்கள். உச்சிவேளைக்குக் கொஞ்சம் முன்னால் சாமிகள் பந்தலை விட்டுக் கிளம்பித் தண்ணீருக்குப் போகும். அப்போது ஏழு அதிர்வேட்டு போடுவார்கள். அது காதில் விழுந்ததும் ஜனங்கள் எல்லோரும் கடலுக்கு ஓடி, சாமி முழுகும்போது கூடவே முழுகவேண்டும். எல்லாம் சேர்ந்து அரை நாழிகை வேலைதான். அதை விட்டால் அடுத்த மாசி. இதையெல்லாம் அக்கா பக்கத்தில் இருந்த மீனவப் பெண்களிடம் கேட்டுக்கேட்டுத் தெரிந்துகொண்டாள். கூட்டத்தில் மாட்டிக்கொள்ளாமல் சீக்கிரம் போகலாம் என்று பந்தலுக்குத் தெற்கே ஒரு ஓரமாக எங்களைக் கொண்டுபோய் நிறுத்தினாள். புடவையை வரிந்து கட்டிக்கொண்டு, மாமாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, ஓட்டப்பந்தயத்துக்கு நிற்கிறவள் மாதிரி நின்றாள். எங்களுக்கு முன்னால், மணலில், ஏழு இரும்புக் குழாய்களை நட்டு வைத்திருந்தார்கள். அதுதான் வேட்டு.

சிவப்புத் தலைப்பாகை கட்டிய வேட்டுக்காரர் நீளக் கொம்பின் நுனியில் நெருப்பை வைத்துக்கொண்டு வரிசையாகப் பற்றவைத்துவிட்டு ஓடினார். பூமி அதிர்ந்தது. சங்கு ஊதினார்கள். எங்கள் பக்கத்தில் நின்ற ஐம்பது அறுபது பேர் குழாய்களுக்கு நடுவே குறுக்கே ஓடுவதற்குக் காலை எடுத்து வைத்தார்கள். அப்போது மாமா அக்காளின் பிடியிலிருந்து கையை உருவிக்கொண்டு முன்னே போய், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு அவர்களுக்குக் குறுக்கே நின்றுவிட்டார்.

"ஆறுதான் போச்சு. ஒண்ணு பாக்கி கீது. யாரும் வராதீங்க."

கூட்டம் திட்டியது. ஒருவர் பைத்தியமா என்றார், ஒரு கிழவி வழிவிடாவிட்டால் மண்டையில் போடுவேன் என்றாள். மாமா அசையவில்லை. அந்தப் பக்கம் சுற்றிக்கொண்டு போங்கள், பாதை இருக்கிறது என்று கையைக் காட்டிக்கொண்டே நின்றார். திட்டிக்கொண்டே எல்லோரும் சுற்றிக்கொண்டு ஓடினார்கள். ஆனால் பின்னாலிருந்து புதிது புதிதாக ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். நடுவில் நிற்க ஆள் இல்லாவிட்டால் அவர்கள் குழாய்மேலேயே ஏறி ஓடுவார்கள். வேட்டுக்காரர் வந்து, எல்லாம் வெடித்தாயிற்று, விலகு என்றார். நீ எண்ணினாயா என்று மாமா கேட்டார். "எண்ணிப் பாக்க இது இன்னா தேங்காயா?" என்று கேட்டுவிட்டு வேட்டுக்காரர் சாமிக்குப் பின்னால் போய்விட்டார்.

நான் அக்காளின் முகத்தைப் பார்த்தேன். மூன்று வருடமாக அவள் காத்துக்கொண்டிருந்த சாமி, நூறு கஜத்துக்கு அப்பால், குடை அசைய அசையத் தண்ணீரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. மாமாவுக்கு இடது காது போய்விட்டது என்பது எனக்குத் தெரியும். இரண்டு வேட்டு ஒன்றாகப் போயிருந்தால் அவருக்கு ஒன்றாகத்தான் கேட்டிருக்கும். எனக்கு இரண்டு காதும் சரியாக இருந்தன. ஆனால் நான் எண்ணவில்லை. வேட்டு போட்ட சமயத்தில், அலையில் குடையைப் பறிகொடுத்துவிட்டு அதன் பின்னால் ஓடிய ஒரு தொந்திக்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து போயிற்றா ஏழு போயிற்றா, எனக்குத் தெரியவே தெரியாது.

இருந்தும் மாமாவின் நல்ல காதுப் பக்கம் போய், "ரெண்டு ஒண்ணா போச்சு மாமா. நான் கேட்டேன். ஏழும் ஆயிட்டுது" என்றேன்.

என் வாழ்க்கையில் சிரிக்காமல் சொன்ன முதல் பொய் அதுதான். அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அரக்கோணம் அவருக்கு ஞாபகம் வந்திருக்கவேண்டும். சத்தியமா என்று கேட்டார். சத்தியம் என்றேன்.

"நானும் அன்னிக்கு சத்தியமாத்தான் எட்டு கேட்டேன், மச்சான்" என்றார்.

மடியிலிருந்து ஒரு மெழுகுவத்தித் துண்டை எடுத்தார். சுரங்கத்தில் இறங்குகிற எங்களில் யார் மடியைத் தடவினாலும் ஒரு துண்டு இருக்கும். அதைக் கட்டைவிரலோடு வைத்து அளந்து, மிச்சத்தை நகத்தால் கிள்ளிப் போட்டார். அக்கா அவர் கிட்டே போனாள். கத்தப் போகிறாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் தப்பும் இல்லை. அவள் அந்த மெழுகுவத்தியை அவர் கையிலிருந்து வாங்கினாள்.

"இந்த உசுருக்குத்தான வேண்டிக்கினேன். நீங்க நில்லுங்க, நான் பாத்துக்கறேன்."

பத்து அடி தள்ளி, கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு படகுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். மெழுகுவத்தியை மணலில் நட்டு, நான் நெருப்புப் பெட்டியில் பாதியைக் கிழித்து வீணாக்கிய பிறகு, ஒருவழியாகப் பற்றவைத்தோம். காற்று கடலிலிருந்து அடித்தது. அணையாமல் இருக்கவேண்டுமானால் கடலுக்கு முதுகைக் காட்டித்தான் உட்காரவேண்டும். அப்படியே உட்கார்ந்தாள். முந்தானையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து, அதற்குள் அந்தச் சுடரை வைத்துக்கொண்டாள். அவள் முதுகுக்குப் பின்னால் மேளம் உச்சத்துக்குப் போயிற்று, கோவிந்தா என்று ஆயிரம் பேர் கத்தினார்கள், சாமி முழுகியது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். நெற்றியைப் பொசுக்குகிற வெயிலில் ஒருத்தி மெழுகுவத்தி ஏற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் யார்தான் பார்க்கமாட்டார்கள்? ஒரு ஆள், சூரியனில் எண்ணெய் தீர்ந்துபோய்விட்டதா அம்மா என்று கேட்டான். வேறு நாளாக இருந்தால் அந்தக் கேலியை நான்தான் செய்திருப்பேன். அன்று மாமாவுக்கு எதிர்ப்பக்கம் போய், நானும் இரண்டு கையை விரித்துக்கொண்டு நின்றேன்.

மெழுகுவத்தி தீர்ந்ததும் அக்கா எழுந்து, தீர்ந்தது என்று தலையை ஆட்டினாள். மாமா தண்ணீர் கேட்டார். தீர்த்தத்துக்கென்று தேய்த்துக் கொண்டுவந்த செம்பை எடுத்துக்கொண்டு அவள் கடலுக்குப் போனாள். அவள் கால் முதன்முதலாகக் கடலில் நனைந்தது அந்த வேலைக்காகத்தான். மாமா எங்களைப் படகுக்குப் பின்னால் உட்காரவைத்துவிட்டுத் தனியாகப் போனார். ஒவ்வொரு குழாயாக, தூரத்திலிருந்து கையை நீட்டித் தண்ணீரை ஊற்றினார். கொஞ்ச நேரம் நின்றார். பிறகு ஒவ்வொன்றாகக் காலால் சாய்த்தார். ஏழிலிருந்தும் கரித்தண்ணீர்தான் வந்தது. ஏழும் வெடித்துத்தான் இருந்தன.

குழாய்களை எடுத்துப்போகத் திரும்பி வந்த வேட்டுக்காரர் விழுந்துவிழுந்து சிரித்தார். இதற்குத்தான் இவ்வளவு கூத்தா என்று கேட்டார். மாமாவின் முகத்தில் வெட்கம் கொஞ்சம்கூட இல்லை. "ஆமாங்க. இப்பதான் ஏழு" என்றார்.

அதற்குள் சாமிகள் பந்தலுக்குத் திரும்பிவிட்டன. ஜனங்கள் ஈரத்துணியைப் பிழிந்துகொண்டு சோற்று மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா மாமாவின் மணிக்கட்டைப் பழையபடி பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்து நடந்தாள். எதிரே வந்த அர்ச்சகர் ஒருவர் நல்ல மனதோடுதான் சொன்னார், தீர்த்தவாரி முடிந்துவிட்டது, இனிமேல் இறங்கினால் வெறும் உப்புத் தண்ணீர்தான் என்று. அக்கா நிற்கவில்லை. "சாமி முழுகின தண்ணி அதுக்குள்ள எங்க போயிருக்கும் சாமி? இங்கதான கீது" என்று சொல்லிக்கொண்டே போனாள். கரையில் நின்று நான் பார்த்தேன். முதல் முழுக்கில் மாமா மேலே நிமிர்ந்து வானத்தைப் பார்த்தார். இரண்டாவது முழுக்கில் அலை இரண்டு பேரையும் உருட்டியது. மூன்றாவது முழுக்கு முடிந்து எழுந்தபோது அக்கா சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் அப்படிச் சிரித்து எவ்வளவு நாளாயிற்று என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கதை இங்கே முடிந்திருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். கரைக்கு வந்து தலையைத் துவட்டிக்கொண்டே மாமா என் தோளில் கையைப் போட்டார். நீ சொன்னதுதான் சரி, இரண்டும் ஒன்றாகத்தான் போயிருக்கிறது, உன் காது நல்ல காது என்றார். அப்புறம் சொன்னார், "எனுக்கு இன்னொரு காதும் கொறஞ்சிகினு வருது மச்சான். யார்கிட்டயும் சொல்லல. திங்கக்கெழமையிலேர்ந்து நம்ம கேங்குக்கு நீதான் எண்ணணும்." அக்கா பெருமையாக என்னைப் பார்த்தாள். எங்கள் கேங்கில் பதினோரு பேர். அந்தப் பதினோரு உயிரையும் எடுத்து, குடைக்காரரை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஒருவன் காதில் தொங்கவிட்டார் அவர்.

சாயங்கால ரயிலில் திரும்பினோம். நான் சேட்டை செய்யாமல் வருவதைப் பார்த்து, வெயில் ஒத்துக்கொள்ளவில்லை போல என்று அக்கா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சொல்லாமல் விட்டால் ஒருவருக்கும் தெரியப் போவதில்லை. பொய்தான் மெய்யாகிவிட்டதே. இனிமேல் ஒழுங்காக எண்ணினால் போயிற்று என்று எனக்கு நானே பத்து தடவை சொல்லிக்கொண்டேன். பதினோராவது தடவை சொல்ல முடியவில்லை. மாமாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, நான் எண்ணவில்லை என்று மெல்லச் சொன்னேன். நான் உட்கார்ந்தது இடது காதுப் பக்கம். ரயில் சத்தம் வேறு. அவர் என்ன என்று கேட்டார். இன்னொரு தடவை சொன்னேன். கேட்கவில்லை. கடைசியில் எழுந்து நின்று, பெட்டி முழுவதும் திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன்.

"நான் எண்ணவே இல்ல மாமா. உங்களுக்குப் பொய் சொன்னேன்."

அக்காதான் கேட்டாள். குரலை உயர்த்தாமல் கேட்டாள். "உன் பேச்ச கேட்டுக்கினு அவுரு வழிய விட்டிருந்தா? அதுல ஒண்ணு உசுரோட இருந்திருந்தா?" அவள் முழுக்குக்காகத்தான் சொன்னேன் என்று வாய் வரைக்கும் வந்தது. அந்த முழுக்கே யாருடைய உயிருக்காக என்று நினைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு மூன்று நாள் எனக்குப் போட்ட சோற்றில் உப்பு இல்லை. நானும் கேட்கவில்லை.

அன்று ரயில் ஜோலார்பேட்டை தாண்டின பிறகுதான் மாமா வாயைத் திறந்தார். "தனியா எண்ணுற வேலை இப்ப உனுக்கு இல்ல. ஆனா திங்கக்கெழமையிலேர்ந்து என் பக்கத்துல நின்னு எண்ணு. நான் எண்ணுறத நான் சொல்றேன், நீ எண்ணுறத நீ சொல்லு. ரெண்டும் ஒத்துக்கலன்னா வத்தி கொளுத்தலாம்." அவ்வளவுதான். கோபம் இல்லை, அறிவுரை இல்லை. மூட்டையைத் தலைக்கு வைத்துப் படுத்துவிட்டார்.

அப்படி நின்று எண்ண ஆரம்பித்து ஆறு வருடம் ஆகிவிட்டது. முதல் வருடத்திலிருந்தே எங்கள் கணக்கு ஒத்துப்போகாத நாள் நிறைய. ஒவ்வொரு தடவையும் கேங்கே உட்கார்ந்து மெழுகுவத்தியைப் பார்த்துக்கொண்டிருக்கும், மேஸ்திரி பல்லைக் கடிப்பார், நாங்கள் இரண்டு பேரும் அசையமாட்டோம். போகப்போக மாமா சொல்கிற எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது. எட்டு போனால் ஐந்து என்பார், அப்புறம் மூன்று என்பார். பிறகு ஒரு நாள் அவர் எண்ணிக்கை சொல்லவே இல்லை, அன்றிலிருந்து கேங்குக்கு என் கணக்கு ஒன்றுதான்.

இன்றைக்கும் என் வாய் அடங்கவில்லை. மேஸ்திரியின் மீசையிலிருந்து மாமாவின் நடை வரைக்கும் எதையும் விட்டுவைப்பதில்லை. அக்காளுக்குப் பிறந்த பெண் குழந்தையிடம், உன் அப்பா கடலைத் தட்டிப் பார்த்து உறுதி செய்துவிட்டுத்தான் உன்னைப் பெற்றார் என்று சொல்லிவைத்திருக்கிறேன். ஆனால் திரி பற்றவைத்துவிட்டு நாங்கள் ஓடி ஒதுங்கினதும் நான் பேசமாட்டேன். மாமாவும் என்னோடு இருட்டில் நிற்பார். இப்போது அவருக்கு எதுவும் கேட்பதில்லை, காலடியில் அதிர்வு மட்டும் தெரியும். கடைசி வேட்டு போய்ப் புகை அடங்கினதும் நான் எண்ணிக்கையைச் சொல்வேன். அது அவர் காதில் விழாது. விளக்கைத் தூக்கி என் முகத்துக்கு நேரே பிடிப்பார். அன்று கடற்கரையில் பார்த்த மாதிரி கொஞ்ச நேரம் பார்ப்பார். பார்த்துவிட்டு, விளக்கை இறக்கிக்கொண்டு, எங்கள் எல்லோருக்கும் முன்னால் உள்ளே நடப்பார்.